எதிர் வீட்டு எண்

எங்கள் வீட்டில் அப்போது தொலைபேசி கிடையாது. விண்ணப்பம் எழுதிக் கொடுத்துவிட்டு வரிசையில் காத்திருந்தோம். காரைக்குடியில் நாங்கள் குடியிருந்த தெருவில் போன் இருந்தது எதிர் வீட்டில் மட்டும்தான். அந்த வீட்டுக்காரர் தங்க வேலை செய்கிறவர். கடைத்தெருவில் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருந்தார். எல்லோரும் அவரைப் பத்தர் என்போம். வீட்டில் அவர் மனைவி, கல்லூரியில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்த ஒரே மகள். நகை தயாராகிவிட்டதா என்று வாடிக்கைக்காரர்கள் கேட்பதற்காக வாங்கிய போன் அது. ஆனால் தெருவில் பாதிப் பேருக்கு அதுதான் போன்.

சொந்தக்காரர்களுக்கு எழுதும் கடிதங்களிலும் வேலைக்குப் போடும் விண்ணப்பங்களிலும் அந்த எண்ணை எழுதிப் பக்கத்தில் பி.பி. என்று போடுவோம். இது எங்கள் போன் இல்லை, அடுத்த வீட்டுப் போன், தயவுசெய்து கூப்பிட்டு விடச் சொல்லுங்கள் என்று அதற்கு அர்த்தம். அந்த இரண்டு எழுத்தைப் பார்க்கிறவர் நேரம் காலம் பார்த்துத்தான் கூப்பிடுவார். மணி அடித்ததும் பத்தர் மகள் ஜன்னலுக்கு வந்து, "டீச்சர் வீட்டுக்கு போன்!" என்று சத்தம் கொடுப்பாள். டீச்சர் என்பது என் அம்மா. கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளி ஒன்றில் கணக்கு சொல்லிக்கொடுத்தார். அப்பா நான் பள்ளியில் படிக்கும்போதே தவறிவிட்டார். வீட்டில் நானும் அம்மாவும்தான்.

நான் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பயிற்சியாளராக இருந்தேன். வேலை முடிந்தபின் மிச்ச நேரத்தில் ஒரு விளையாட்டு எழுதினேன். தெருக்குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் குடங்கள் வரிசையாக இருக்குமல்லவா, அதுதான் விளையாட்டு. சிவப்புக் குடம், பச்சைக் குடம், மஞ்சள் குடம், நடுவில் ஒரே ஒரு காலி இடம். ஒவ்வொன்றாக நகர்த்தி, தண்ணீர் நிற்பதற்குள் உங்கள் குடத்தைக் குழாயடிக்குக் கொண்டுவர வேண்டும். நாற்பது ஆட்டங்கள் இருந்தன. ஒன்றரை வருஷம் பிடித்தது.

சிங்கப்பூரில் இருந்த என் பெரியம்மா மகன் அதைப் பார்த்துவிட்டு, சும்மா வைத்திருக்காதே, இணையத்தில் போடு என்றார். இலவசப் பக்கங்களில் போட்டால் ஒருவரும் மதிக்க மாட்டார்கள், விளையாட்டின் பெயரிலேயே ஒரு டொமைன், அதாவது சொந்தமாக ஒரு இணைய முகவரி, வாங்கிவிடலாம், பணம் நான் கட்டிவிடுகிறேன், படிவத்தை மட்டும் நீ நிரப்பு என்றார். எங்கள் சென்டரில் மதுரைக்கு டயல் செய்து இணைப்பு வாங்குவோம். ஒரு மாலையில் அந்தப் படிவம் என் முன்னால் வந்தது. பெயர், கதவு எண், தெரு, ஊர், பின்கோடு. எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதினேன். போன் எண் இல்லாமல் அடுத்த பக்கம் போக மறுத்தது. பத்தர் வீட்டு எண்ணைத் தட்டினேன். பக்கத்தில் பி.பி. என்று போட்டபோது, எண்கள் மட்டும்தான் எழுத வேண்டும் என்று சிவப்பில் எச்சரித்தது. பி.பி.யை அழித்தேன். படிவம் ஏற்றுக்கொண்டது.

கீழே பொடி எழுத்தில் நீளமாக என்னென்னவோ இருந்தது. இணைப்பு அறுந்துவிடுமோ என்ற பயத்தில் அதைப் படிக்காமல் சம்மதம் என்று அழுத்தினேன். விளையாட்டோடு போகும் குறிப்புக் கோப்பிலும் என் பெயர், அதே எண். பிழை இருந்தால் தெரிவிக்கவும் என்று பணிவாக எழுதியிருந்தேன். இரண்டு இடத்திலும், பத்தர் வீட்டில் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

இரண்டு மாதம் கழித்து, காலை ஆறரை மணிக்கு ஜன்னலிலிருந்து குரல் வந்தது. "அண்ணே, ஓடியாங்க! இங்கிலீஷ்ல பேசுறாக!"

சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினேன். கனடாவிலிருந்து ஒரு வயதான அம்மாள். முப்பத்தொன்றாவது ஆட்டத்தில் மாட்டிக்கொண்டாராம். அது முடிக்கக்கூடியதுதானா என்று கேட்டார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அங்கே அப்போது சாயங்காலம் என்பதுகூடப் பிறகுதான் உறைத்தது. அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒன்றிரண்டு என்று அழைப்புகள் வந்தன. பெரும்பாலும் அதே முப்பத்தொன்றாவது ஆட்டம். நான் குளித்துக்கொண்டோ கோயிலுக்குப் போயோ இருந்தால் பத்தர் மகளே பேசிச் சமாளிப்பாள். சென்டருக்கு வந்து அந்த விளையாட்டை முழுக்க ஆடிப் பார்த்தவள் அவள். எந்தக் குடத்தை முதலில் நகர்த்த வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். பத்தருக்கும் பெருமைதான். பட்டறைக்கு வருகிறவர்களிடம், "அமெரிக்காவுல இருந்து நம்ம வீட்டுக்கு போன் வருதுல்ல" என்பார். அந்த வீட்டுக்கு இதில் பெருமை மட்டும்தான் என்று நானும் நம்பிக்கொண்டு திரிந்தேன்.

ஒரு நாள் மதியம் நான் வீட்டில் இருந்தபோது பத்தர் மனைவி வந்தார். வாசலுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வராமல் நின்றார்.

"டீச்சர் வந்துட்டாகளா?"

"இன்னும் இல்லை அத்தை. நாலு மணி ஆகும்."

"அதுவும் நல்லதுதான். உங்ககிட்டதான் பேசணும்." உள்ளே வந்து கதவை ஒருக்களித்துச் சாத்தினார். "எங்க போன் நம்பரை எங்குட்டெல்லாம் குடுத்திருக்கீக தம்பி?"

எனக்குப் புரியவில்லை. விளையாட்டைப் பற்றிச் சொன்னேன்.

"வெளிநாட்டுக்காரக பேசுறது எனக்கு ஒண்ணுமில்ல. காலையில வருது, பேசுறாக, வச்சுர்றாக. இவன் வேற ஆளு. தமிழ்லதான் பேசுறான். மொதல்ல உங்க பேரைச் சொல்லித்தான் கேட்டான். வேலைக்குப் போயிட்டாகன்னு பாப்பா சொல்லியிருக்கு. நீங்க யாரு, தங்கச்சியான்னு கேட்டிருக்கான். இல்ல, எதுத்த வீடுன்னு இதுவும் சொல்லிருச்சு. மறுநாளும் அடிக்கிறான். உங்க குரல் நல்லா இருக்குங்கிறான். எந்தக் காலேஜுங்கிறான். வச்சா, திரும்ப அடிக்கிறான்."

"எத்தனை நாளா?"

"மூணு வாரமா."

மூன்று வாரமாக நான் அந்த வீட்டுக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். அந்தப் பெண் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது யோசித்தால், இரண்டு வாரமாக அவள் ஜன்னலுக்கு வந்து சத்தம் கொடுக்கவில்லை. அத்தைதான் கூப்பிட்டார். நான் கவனிக்கவில்லை.

"நேத்து ஒண்ணு சொல்லியிருக்கான்," என்று குரலைத் தாழ்த்தினார். "உங்க தெரு எனக்குத் தெரியும், கதவு நம்பரும் தெரியும்னு. நம்பரையும் சொல்லியிருக்கான் தம்பி. அது உங்க வீட்டு நம்பர். எப்படித் தெரியும் அவனுக்கு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாதது இன்னும் பயமாக இருந்தது.

"மாமாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரிஞ்சா போனைப் புடுங்கி வீசிருவாக. கல்லல் ஊர்ல இருந்து பொண்ணு பார்க்க வாரோம்னு ஒரு குடும்பம் சொல்லி விட்டிருக்காக. அவுகளுக்கும் இந்த நம்பர்தான் குடுத்திருக்கு. அவுக பேசுற நேரத்துல இவன் பேசுனா, இல்ல எவனோ தெனம் பேசுறான்னு காதுல விழுந்தா, நான் என்ன சொல்லி நிக்கிறது?"

அன்று சாயங்காலம் சென்டரில் வகுப்பு எடுக்க முடியவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டு, எல்லோரும் போனபின் இணைப்பு வாங்கினேன். டொமைன் பெயரைக் கொடுத்தால் அது யாருடையது என்று சொல்லும் பக்கம் ஒன்று உண்டு என்று கேள்விப்பட்டிருந்தேன். அதைத் தேடிப் பிடித்து என் விளையாட்டின் பெயரைத் தட்டினேன். வரி வரியாகத் திரை நிரம்பியது. என் முழுப்பெயர். கதவு எண். தெரு. காரைக்குடி. பின்கோடு. கடைசியில் பத்தர் வீட்டு எண், நாட்டுக் குறியீட்டோடு. ரகசியச் சொல் எதுவும் கேட்கவில்லை. நீ யார் என்றுகூடக் கேட்கவில்லை. உலகத்தில் எவன் கேட்டாலும் இதையே காட்டும்.

அந்தப் படிவம் ஏதோ அலுவலகத்தில் அலமாரிக்குள் போய் அடங்கிவிடும் என்று நினைத்திருந்தேன். பதிவு அலுவலகத்தில் பத்திரம் இருப்பது மாதிரி. அது ஒரு சுவரொட்டியாக இருந்தது. அதில் நான் என் பெயருக்குக் கீழே இன்னொருத்தர் வீட்டைச் சேர்த்து ஒட்டியிருந்தேன். பின்னால் யாரோ நிற்பது போலிருந்தது. திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. இருந்தும் மானிட்டரை அணைத்தேன்.

மறுநாளே விவரத்தை மாற்றச் சொல்லிப் பதிவு நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. கையெழுத்திட்ட கடிதம், அடையாளச் சான்றின் நகல், இரண்டையும் பேக்ஸில் அனுப்ப வேண்டுமாம். அந்தச் சான்றிலும் என் முகவரிதான் இருந்தது. முகவரியை மறைப்பதற்கு முகவரியை இன்னொரு முறை அனுப்ப வேண்டியிருந்தது. எஸ்.டி.டி. பூத்தில் நின்று நான்கு தடவை முயன்றேன். மறுபக்கம் லைன் கிடைக்கவில்லை. பூத்காரர் என் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிதானமாகப் படித்தார். ஐந்தாவது தடவை போய்ச் சேர்ந்தது. பத்து நாளாகும் என்று பதில் வந்தது.

என்ன மாற்றுவது என்பதும் பெரிய யோசனையாக இருந்தது. பொய் முகவரி எழுதினால் டொமைனைப் பறித்துவிடுவார்கள். தலைமைத் தபால் நிலையத்தில் தபால் பெட்டி எண் ஒன்று வாடகைக்கு எடுத்தேன். போனுக்கு, சிங்கப்பூர் அண்ணனைக் கேட்டேன். இந்தத் தடவை கேட்டேன். "என் ஆபீஸ் நம்பரைப் போட்டுக்க. எவன் வேணும்னாலும் கூப்பிடட்டும், நான் பேசிக்கிறேன்" என்று எழுதினார்.

அந்தப் பத்து நாளும் அவனைப் பற்றியே யோசித்தேன். அவன் கூப்பிடுவது காலை பத்து மணிக்கு மேல், பத்தர் பட்டறைக்குப் போனபின், பரீட்சை லீவில் மகள் வீட்டில் இருக்கும் நேரத்தில். அது அவனுக்கு எப்படித் தெரியும்? ஒருவேளை தெரியாது, தற்செயல்தான். அல்லது உள்ளூர்க்காரனா? சென்டரில் படிக்கிறவனா? வகுப்பில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். யாராவது சிரித்தால் அதற்கு ஏதோ அர்த்தம் இருப்பதாகப் பட்டது. தெருமுனையில் சைக்கிளை நிறுத்திவிட்டு நிற்கிற ஒவ்வொருவரையும் நின்று பார்த்தேன்.

சென்டரில் காலை நேரத்துக்கு லீவு சொல்லிவிட்டு, சிங்கப்பூரிலிருந்து முக்கியமான போன் வரும் என்று பத்தரிடம் பொய் சொல்லி, அவர் வீட்டில் போன் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். அத்தைக்கு மட்டும் உண்மை தெரியும். காபி கொடுப்பார். இருவரும் பேசிக்கொள்ள மாட்டோம். மணி அடித்தால் நான்தான் எடுப்பேன். பெரும்பாலும் நகைக்காரர்கள். "அறுந்த செயினைப் பத்த வச்சாச்சா தம்பி?" என்று என்னைக் கேட்பார்கள்.

மூன்றாம் நாள் அவன் போன் வந்தது.

"ஹலோ," என்றேன். சத்தமில்லை. வைத்துவிட்டான். ஐந்து நிமிஷத்தில் மறுபடி மணி. எடுத்துப் பேசாமல் இருந்தேன்.

"அவங்க இல்லையா?" தெளிவான, சின்ன வயசுக் குரல். எந்த ஊர் என்று சொல்ல முடியாத தமிழ்.

"யார் நீங்க?"

"ஓ, நீங்களா சார். உங்க கேம் நல்லா இருந்துச்சு."

அதை அவன் மரியாதையாகத்தான் சொன்னான். எனக்குக் காது சுட்டது.

"இனிமே இந்த நம்பருக்குக் கூப்பிடாதீங்க. இது எங்க வீடு இல்லை."

"அப்புறம் ஏன் சார் போட்டீங்க? நானா திருடுனேன்? நீங்க எழுதி வச்சதைத்தான் பார்த்தேன்."

வைத்துவிட்டான். போன் என் கையில் இரைந்துகொண்டிருந்தது. திட்ட வேண்டும், போலீஸ் என்று மிரட்ட வேண்டும் என்று மூன்று நாளாக மனதுக்குள் ஒத்திகை பார்த்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. அவன் சொன்னதில் பொய் எதுவுமில்லை.

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது உள்கட்டு நிலைப்படியில் பத்தர் மகள் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது.

"என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லலை. வச்சுட்டான்."

அவள் நம்பவில்லை. "எங்க நம்பரை உங்க நம்பர்னு எழுதிக் குடுத்தீகளா?"

"பி.பி.ன்னு போடப் பார்த்தேன். அது வாங்கமாட்டேன்னுருச்சு. எண்ணு மட்டும்தான்..."

"அதைக் கேக்கலைண்ணே. எங்க கிட்ட ஒரு வார்த்தை கேட்டீகளா?"

நான் போனை அதன் இடத்தில் சரியாக வைத்தேன். ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது. அவள் உள்ளே போய்விட்டாள்.

அந்த வாரக் கடைசியில், நான் இல்லாத நேரத்தில் ஒரு ஆள் எங்கள் வீட்டுக்கு வந்தான். அம்மா ராத்திரிச் சாப்பாட்டின்போது சாதாரணமாகச் சொன்னார். "உன்னத் தேடி ஒருத்தர் வந்தாரு. வெள்ளைச் சட்டை, தோள்ல பை. உன் பேரைச் சொன்னாரு. இல்லைன்னேன். வீட்டுல வேற யாரும் இருக்காங்களான்னு கேட்டாரு. உன் தங்கச்சி இருக்கான்னு கேட்டாரு. எனக்கு மகளே கிடையாதுப்பான்னேன்."

தட்டைத் தள்ளி வைத்தேன்.

"அப்புறம்?"

"போன் இருக்கா, ஒரு கால் பண்ணிக்கலாமான்னாரு. எங்க வீட்டுல போன் இல்லைன்னேன். அங்குட்டு நின்னு மேல பார்த்துக்கிட்டே இருந்தாரு."

"மேல எங்கம்மா?"

அம்மா யோசித்தார். சொல்லும்போதே அவருக்கும் முகம் மாறியது. "கம்பத்தைப் பார்த்தாரு. போன் கம்பி போகுதுல்ல, அதை."

எங்கள் தெருவில் கம்பத்திலிருந்து ஒரே ஒரு வீட்டுக்குத்தான் கம்பி போனது.

போனில் பேசியவன்தானா இவன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஏதோ சாமான் விற்க வந்தவனாக இருக்கலாம். சென்டரில் சேரும் எண்ணத்தோடு விசாரிக்க வந்தவனாக இருக்கலாம். ஆனால் இல்லாத தங்கச்சியைப் பற்றி அவன் ஏன் கேட்டான்? அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா என்னைத் திட்டவில்லை. கை கழுவிவிட்டு வந்து, "பத்தர்கிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் காலை பட்டறைக்குப் போனேன். பத்தர் ஊதுகுழலை வாயில் வைத்து ஊதி, ஒரு வளையத்தின் முனைகளைப் பற்றவைத்து ஒட்டிக்கொண்டிருந்தார். கையால் உட்காரச் சொன்னார். வேலை முடியும்வரை காத்திருந்தேன். பிறகு சொன்னேன். படிவத்தில் ஆரம்பித்து, அந்த வெள்ளைச் சட்டைக்காரன்வரை. சொல்லச் சொல்ல அவர் இடுக்கியால் அந்த வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் வீட்ல உள்ளவுகளுக்கு முன்னமே தெரியுமா?"

"அத்தைக்குத் தெரியும் மாமா."

"எனக்குத்தான் கடைசி." வளையத்தைத் தண்ணீரில் போட்டார். "அழிச்சுட்டீகளா?"

அங்கேதான் மோசமான பகுதி இருந்தது. பதிவை மாற்றக் கொடுத்திருந்தேன், மாறிவிடும். ஆனால் விளையாட்டின் குறிப்புக் கோப்பு வெளியே போய்விட்டது. யார் யாரோ இறக்கி, வேறு யாருக்கோ கொடுத்திருந்தார்கள். வெளிநாட்டில் ஒரு பத்திரிகை தன் சி.டி.யிலும் சேர்த்திருந்தது. அதில் நான் பெருமைப்பட்டிருந்தேன். ஒவ்வொரு சி.டி.யிலும் பத்தர் வீட்டு எண் இருந்தது. திரும்ப வாங்க முடியாது என்று அவரிடம் சொன்னேன்.

"எங்குட்டும் திரும்ப வாங்க முடியாதா?"

"முடியாது மாமா."

அவர் வளையத்தைத் தண்ணீரிலிருந்து எடுத்துத் துடைத்தார். "சரி தம்பி. நம்பரை மாத்திக்கிறோம். வேற வழி இல்லைல்ல."

போன் எண் அவர் கடைப் பலகையில் பெரிதாக எழுதியிருந்தது. நகை போட்டுக் கொடுக்கும் சுருக்குப் பைகளில் அச்சடித்திருந்தது. தேவகோட்டையிலிருந்தும் கானாடுகாத்தானிலிருந்தும் வரும் வாடிக்கைக்காரர்கள் பல வருஷமாக மனப்பாடமாக வைத்திருந்த எண். பலகையை நான் எழுதித் தருகிறேன் என்றேன். "வேணாம் தம்பி. நீங்க எழுதுனது போதும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னார். அதற்கு அவர் திட்டியிருக்கலாம்.

எண் மாறியது. எங்கள் தெருவில் ஒவ்வொரு வீட்டுக்கும் அத்தை போய்ப் புது எண்ணைச் சொன்னார். எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அம்மா இரண்டு நாள் எதிர்பார்த்தார். பிறகு, கோயம்புத்தூரில் இருந்த தன் அக்காவுக்கு, இனி அவசரம் என்றால் தந்தி கொடு என்று கடிதம் எழுதினார். நாங்கள் கேட்கவில்லை. கேட்டால் தந்திருப்பார்கள். அதனாலேயே கேட்க முடியவில்லை. சாயங்காலங்களில் எதிர் வீட்டு மணி அடிக்கும். நானும் அம்மாவும் நிமிர்ந்து பார்ப்போம். இனி அது எங்களுக்கானதில்லை என்று நினைவு வந்து குனிந்துகொள்வோம்.

கல்லல்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பிறகு பேச்சு இல்லை. ஜாதகம் சேரவில்லை என்று தெருவில் சொன்னார்கள். அது உண்மையாகவே இருந்திருக்கலாம். எனக்கு மட்டும் அது பல ராத்திரிகளைத் தின்றது. பழைய எண்ணுக்கு அவர்கள் போட்டுப் பார்த்திருப்பார்களோ, அவன் அவர்களிடமே பேசியிருப்பானோ என்று நடக்காததையெல்லாம் கோர்த்துப் பார்த்தேன்.

சில மாதம் கழித்து எங்களுக்கும் போன் வந்தது. டைரக்டரியில் எங்கள் எண் வரக்கூடாது என்று தனியாக எழுதிக் கொடுத்தேன். அம்மாவிடம், யார் கேட்டாலும் எண்ணைச் சொல்லாதே, ராங் நம்பர் வந்தால் ஊர் பேரைக்கூடச் சொல்லாதே என்று தினமும் ஓதினேன். ஒரு நாள் அம்மாவுக்கு அலுத்துவிட்டது. "அப்ப எதுக்குடா இந்தப் போனு? துணியைப் போட்டு மூடி வச்சுரு" என்றார். விளையாட்டின் அடுத்த பதிப்பில் என் பெயர் இல்லை, தபால் பெட்டி எண் மட்டும். தபால் பெட்டியைத் திறக்கப் போகும்போதும் பின்னால் யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். மூன்றாவது பதிப்பு வரவில்லை. எழுத உட்கார்ந்தால் குறிப்புக் கோப்பில் என்ன எழுதுவது என்றுதான் முதலில் யோசனை ஓடியது. குடங்கள் நகரவில்லை.

பத்தர் மகள் என்னோடு பேசி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. படிப்பு முடிந்து தேவகோட்டையில் ஒரு பள்ளி அலுவலகத்தில் அவள் வேலைக்குப் போகிறாள் என்று அம்மா சொல்லித் தெரியும். அதே பள்ளி தன் பொன்விழா மலரை எங்கள் சென்டரில் டைப் செய்யக் கொடுத்தது. விஷயங்களை வாங்கிவர என்னை அனுப்பினார்கள். காலை பஸ்ஸில் ஏறியபோது முன் இருக்கையில் அவள் இருந்தாள். பார்த்துவிட்டாள். இறங்கிவிடலாமா என்று நினைத்தேன்.

"வாங்கண்ணே. எங்க ஸ்கூலுக்குத்தானே? சார் சொன்னாக," என்றாள்.

அவளுக்குப் பின்னால் ஒரு இடம் இருந்தது. உட்கார்ந்தேன். ஊர் தாண்டும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். பிறகு நானே ஆரம்பித்தேன். ஒரு வருஷமாக நெஞ்சில் கிடந்ததைக் கொட்டினேன். என்னால்தான் அந்த ஆள் நம் தெருவரைக்கும் வந்தான், அந்தக் கல்லல் சம்பந்தம் தள்ளிப்போனது, என்னை மன்னித்துவிடு என்றேன்.

அவள் பாதி திரும்பி உட்கார்ந்தாள். "கல்லல்காரகளை எனக்கே பிடிக்கலை. அதை நீங்க தூக்கிச் சுமக்க வேணாம். அந்த ஆளுகூட பெரிசில்லண்ணே. பயமாத்தான் இருந்துச்சு, இல்லைன்னு சொல்லலை. ஆனா அதுக்கப்புறம் நடந்தது யாருக்கும் தெரியாது. புது நம்பர் வந்த அன்னைக்கு அப்பா என்னையக் கூப்பிட்டு, இனிமே நீ போனைத் தொடக்கூடாதுன்னுட்டாக. மணி அடிச்சா நான் அடுப்படிக்குப் போயிரணும். அம்மா எடுப்பாக. என் சிநேகிதிக பேசுனாகூட அம்மாதான் கேட்டுச் சொல்லுவாக. ஒரு வருஷம். எங்க வீட்டு போன்ல நான் ஹலோ சொல்லி ஒரு வருஷம் ஆச்சு."

இத்தனை நாளும் நான் பயந்ததெல்லாம் வெளியே நிற்கிற ஆளைப் பற்றி. அந்த வீட்டுக்குள் ஒரு கதவு சாத்தியிருப்பது எனக்குத் தெரியவே தெரியாது.

"இப்ப?"

"இப்ப ஆபீஸ்ல நாள் முழுக்க போன்தான். நான்தான் எடுக்கணும்." அவள் லேசாகச் சிரித்தாள். "வீட்ல இன்னும் இல்ல."

பள்ளியில் மலருக்கான கட்டுரைகளையும் படங்களையும் ஒரு பெரிய உறையில் போட்டு வைத்திருந்தார்கள். கடைசியாக ஆசிரியர் பட்டியல் இருந்தது. பெயர், படிப்பு, வீட்டு முகவரி, போன் எண். ஐம்பது பேருக்கு மேல். மலர் ஆயிரம் பிரதி அச்சாகப் போகிறது என்று தலைமையாசிரியர் சந்தோஷமாகச் சொல்லியிருந்தார். பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டேன். அவளுடைய மேஜைக்குப் போனேன்.

"இதுல எல்லார் வீட்டு நம்பரும் இருக்கே. யாரையாவது கேட்டுப் போட்டிருக்கா?"

"புரட்டிப் பாருங்க," என்றாள்.

புரட்டினேன். இரண்டாம் பக்கத்தில் மூன்று பேர் முகவரியின் மேலும் போனின் மேலும் கறுப்பு மையால் அழுத்தமாகக் கோடு போட்டு, படிக்க முடியாதபடி அடைத்திருந்தது. நான்காம் பக்கத்தில் இன்னும் ஒருவர்.

"போன வாரமே ஒவ்வொருத்தர்கிட்டயும் போய்க் கேட்டுட்டேன். எதுக்கும்மா இதெல்லாம் கேக்குறன்னு சிரிச்சாக. இந்த நாலு பேரு மட்டும் வேணாம்னாக. காரணம் கேக்கலை. அந்த வரியை டைப் பண்ணும்போது பேரும் படிப்பும் போதும்ணே."

போன் அடித்தது. அவள் எடுத்து, பள்ளியின் பெயரைச் சொல்லி, வணக்கம் என்றாள். நான் பட்டியலை உறைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். அன்று சாயங்காலமே அதை டைப் செய்தேன். அந்த நான்கு பேரின் வரியையும் தாளில் விரல் வைத்து இரண்டு தடவை சரிபார்த்தேன்.